கே7யூஜிஏ: பேரி கோல்ட்வாட்டரின் வானொலி மேசையைப் பற்றி

திருச்சி சேந்தன் எழுதியது:

மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலியைப் பற்றி நாம் இங்கே எழுதுவது பெரும்பாலும் ஆண்டெனாவின் உயரத்தையும், இன்று எந்த அலைவரிசை திறந்திருக்கிறது என்பதையும், பழைய கருவிகள் எங்கே கிடைக்கும் என்பதையும் சுற்றியே இருக்கிறது. அந்தக் கருவிகளுக்கு முன்னால் அமர்ந்து ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர்களைப் பற்றியும் ஓர் இழை வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதற்கு நான் தேர்ந்துகொண்டவர் அமெரிக்க விமானப்படையின் ரிசர்வ் பிரிவில் மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்ற பேரி கோல்ட்வாட்டர். 1964 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் லிண்டன் ஜான்சனிடம் பெருந்தோல்வி கண்ட அரிசோனா செனட்டர் என்றுதான் அரசியல் படித்தவர்கள் அவரை அறிந்திருப்பார்கள். ஹாம்களுக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் நம்மைப் போன்ற அமெச்சூர்களுக்கு, அவர் கே7யூஜிஏ. அது காற்றலையில் அவரை அடையாளம் காட்டிய அழைப்புக்குறி.

அவர் 1909 இல் பீனிக்ஸ் நகரில் பிறந்தபோது அரிசோனா ஒரு மாநிலமாகக்கூட ஆகியிருக்கவில்லை. அந்தத் தகுதி 1912 இல்தான் கிடைத்தது. ஊரில் பெயர்பெற்ற பெரிய கடையை நடத்திய குடும்பம் அவருடையது. 1920களின் தொடக்கத்திலேயே, பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, 6பிபிஐ என்ற அழைப்புக்குறியோடு காற்றலைக்கு வந்துவிட்டார். நாட்டைக் காட்டும் முன்னெழுத்து அக்காலத்தில் கிடையாது. அரிசோனா ஆறாம் வானொலி மாவட்டத்தில் இருந்ததால் எண் 6. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த மாநிலம் ஏழாம் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. அதனால் பிற்காலக் குறியில் 7 வந்தது. செனட் பணிக்காக வாஷிங்டனில் இருந்தபோது கே3யூஐஜி என்ற குறியும் அவருக்கு இருந்தது. ஒருவர் எந்த வயதில் எங்கே வாழ்ந்தார் என்பதை மூன்று அழைப்புக்குறிகளே சொல்லிவிடுகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

போர்க்காலத்தில் அவருக்கு வயதும் கண்பார்வையும் தடையாக இருந்தன. சண்டை விமானியாக முன்னணிக்குப் போக முடியாத அவர், விமானங்களையும் சரக்குகளையும் உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் பிரிவில் பறந்தார். 1943 இல் பி-47 வகைப் போர்விமானங்களை, அதாவது ஒரே ஓர் எஞ்சின் கொண்ட விமானங்களை, அட்லாண்டிக் கடலைக் கடந்து ஓட்டிச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். அதன்பின் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குச் சரக்குப் பறப்புகள். இங்கிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குப் பொருள் கொண்டுசென்ற, விமானிகள் 'கூனல்' என்று பெயரிட்டு அஞ்சிய அந்த வழியிலும் பறந்திருக்கிறார். 1946 இல் அரிசோனாவின் வான்படைக் காவற்பிரிவை உருவாக்கியவர் அவரே. 37 ஆண்டுப் படைப்பணிக்குப் பின் 1967 இல் ஓய்வுபெற்றபோது, தம் வாழ்நாளில் 165 வகை விமானங்களை ஓட்டியிருந்தார் என்பது கணக்கு.

நான் பேச விரும்புவது அதற்குப் பிந்தைய காலத்தை. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், பீனிக்ஸை ஒட்டிய அவருடைய வீட்டில் ஏஎஃப்ஏ7யூஜிஏ என்ற குறியோடு ஒரு மார்ஸ் நிலையம் இயங்கியது. மார்ஸ் என்பது படைத்துறையோடு இணைந்து பணிசெய்யும் ஹாம்களின் அமைப்பு. அமெரிக்கத் தரைப்படை 1925 இல் அமெச்சூர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதில் அதன் வேர் இருக்கிறது. வியட்நாமிலிருந்த படைவீரர்களின் குரலை வானொலியில் வாங்கி, உள்நாட்டுத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, வீட்டாரோடு பேசவைப்பதே அந்த நிலையத்தின் வேலை. இப்படி 2,00,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் அந்த ஒரு நிலையத்தின் வழியாகப் போயிருக்கின்றன.

இந்த எண்ணைப் பார்த்ததும் நான் ஒரு கணக்குப் போட்டேன். ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் 6,00,000 நிமிடம், அதாவது 10,000 மணிநேரம். இரவு பகல் பாராமல் ஒருவர் உட்கார்ந்தாலும் 416 நாட்கள் ஆகும். அழைப்புகளுக்கு இடையே அலைவரிசையைச் சரிபார்க்கும் நேரமும் காத்திருக்கும் நேரமும் இதில் சேரவில்லை. அந்த வட்டாரத்தின் ஹாம்கள் பலர் முறைவைத்து அங்கே வந்து அமர்ந்ததால்தான் இது நடந்தது. 1969 இல் அவர் மறுபடியும் செனட்டராகி வாஷிங்டன் சென்ற பிறகும் அவர் வீட்டு நிலையம் ஓயவில்லை. ஆகவே அவரைப் பாராட்ட வேண்டியது மைக்கைப் பிடித்ததற்காக மட்டும் அன்று. தம் வீட்டையும் கோபுரத்தையும் கருவிகளையும் பிறர் கையில் ஒப்படைத்ததற்காகத்தான் அதிகம் பாராட்ட வேண்டும் என்பது என் கருத்து. உறுப்பினர்கள் தங்கள் எண்ணத்தை எழுத வேண்டுகிறேன்.

முன்னாள் சிக்னல்ஸ் ஹவில்தார் (வேலூர் மாவட்டம்) எழுதியது:

சேந்தன் தம்பிக்கு வணக்கம். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மூன்று நிமிடம் என்பது உங்களுக்குக் கணக்கு. எனக்கு அது வேறு.

1983 இல் நான் நாகாலாந்து மலைப்பகுதியில் பணியில் இருந்தேன். என் முகவரி ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு, 99 ஏபிஓ என்ற படை அஞ்சலகம், அவ்வளவுதான். எனக்கு முதல் பெண்குழந்தை பிறந்த செய்தி பன்னிரண்டாம் நாள் இன்லேண்ட் கடிதத்தில் வந்தது. என் அண்ணன் எழுதியிருந்தார். குழந்தை யாரைப் போல இருக்கிறது என்பதை எழுத மறந்துவிட்டார். அதைக் கேட்டு நான் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை நாளும் நான் காதில் ஹெட்போனோடு வானொலிக் கருவியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பிறர் செய்திகளை மோர்ஸில் வாங்கி மோர்ஸில் அனுப்பினேன். என் சொந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை அனுப்ப அதில் வழியில்லை. இருந்திருக்கவும் கூடாது, அது படையின் கருவி. எங்கள் கிராமத்தில் தொலைபேசியும் கிடையாது.

அதனால் அந்த வீரர்களுக்கு அந்த மூன்று நிமிடம் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என்னிடம் இல்லாமற்போனது எது என்று தெரிந்துகொண்டே சொல்கிறேன்.

தொழில்முறையில் ஒரு கேள்வி. நாங்கள் பயன்படுத்திய கருவியில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டுமே முடியும். தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். வானொலியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு தாயையும் போர்முனையில் இருக்கும் மகனையும் இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி இணைத்தார்கள்?

கயல்விழி (கோவை) எழுதியது:

ஹவில்தார் ஐயாவுக்கு வணக்கம். மின்னணுவியல் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவு விளக்குகிறேன்.

வீட்டுத் தொலைபேசிக்கு வருவது இரண்டு கம்பிகள். போகும் குரலும் வரும் குரலும் அந்த இரண்டிலேயே கலந்து ஓடுகின்றன. வானொலியிலோ அனுப்பும் பாதையும் வாங்கும் பாதையும் தனித்தனி. இவற்றை நேரடியாகக் கோத்தால், வாங்கியில் வரும் வீரனின் குரல் தொலைபேசிக் கம்பிக்குப் போவதோடு நில்லாமல், அனுப்பியின் வாய்க்குள்ளும் திரும்பிப் புகுந்து ஊளையிடத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க ஹைபிரிட் என்ற சிறப்பு மின்மாற்றி அமைப்பைப் பயன்படுத்தினார்கள். தொலைபேசிக் கம்பியின் மின்தடைக்கு நிகரான ஒரு சமன்சுற்றை மறுபக்கத்தில் வைத்தால், வாங்கியிலிருந்து வரும் குரல் கம்பிக்குப் பாதியும் சமன்சுற்றுக்குப் பாதியுமாகப் பிரிந்து, அனுப்பியின் பக்கத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வொரு தொலைபேசி இணைப்பின் நீளமும் வேறு என்பதால் சமநிலை ஒருபோதும் முழுமையாக அமையாது. ஆகையால் இயக்குபவர் அழைப்புக்கு அழைப்பு ஒலியளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனாலும், ஐயா கேட்டதுபோல, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அதனால் இயக்குபவர் முதலில் வீட்டாரை அழைத்து, பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும் என்பதைச் சில வாக்கியங்களில் கற்றுக்கொடுப்பார். பிறகு அந்தச் சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கையால் ஆளியை (ஸ்விட்சை) மாற்றுவார். கணவனும் மனைவியும் நெஞ்சில் உள்ளதைச் சொல்லிவிட்டு, அதன் முடிவில் 'ஓவர்' என்றும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்காக அந்நியர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருப்பார். அதே அலைவரிசையில் வாங்கி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். இது தெரிந்தும் அந்த வீரர்கள் வரிசையில் நின்றார்கள் என்பதே அந்த அழைப்பின் மதிப்பைக் காட்டுகிறது.

தொலைவையும் சொல்ல வேண்டும். சைகோனிலிருந்து பீனிக்ஸ் 13,000 கிலோமீட்டருக்கும் மேல். தரையிலிருந்து 250 முதல் 400 கிலோமீட்டர் வரை உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் எஃப்2 அடுக்கில் பட்டுத் தெறிக்கும் சிற்றலை, ஒரு தாவலில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை போகும். ஆக, பசிபிக் கடலின் மேல் குறைந்தது நான்கு தாவல்கள். சூரியப் புள்ளிகளின் இருபதாம் சுழற்சி 1968 இன் இறுதியில் உச்சத்தில் இருந்தது. போர் கடுமையாக இருந்த ஆண்டுகளும் சிற்றலை நன்றாகப் பரவிய ஆண்டுகளும் ஒன்றாக அமைந்தன. வியட்நாமிலிருந்த மார்ஸ் நிலையங்கள் பலவற்றில் காலின்ஸ் நிறுவனத்தின் கேடபிள்யூஎம்-2ஏ கருவி இருந்தது. அது வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 100 வாட், நம் வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பின் அளவு.

செலவு விஷயத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கடலைக் கடக்கும் பகுதிக்கு எவரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. வானொலி நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் உள்நாட்டு அழைப்புக் கட்டணத்தை மட்டும், பேசும் குடும்பம் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அன்றைய தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் கம்பியில் பிறர் கருவியை இணைப்பதை விதிப்படி அனுமதிக்கவில்லை; கார்ட்டர்ஃபோன் வழக்கில் 1968 இல் வந்த தீர்ப்புதான் அந்தக் கதவைத் திறந்தது. அதற்கு முன்பு ஹாம்கள் இணைத்த இணைப்புகள் பெரும்பாலும் நிறுவனங்கள் பொறுத்துக்கொண்டதால் நடந்தவை.

இளவழகன் எழுதியது:

கயல்விழி அவர்களின் விளக்கம் அருமை. ஆனால் இழையின் போக்கு எனக்குச் சற்றே மனவருத்தம் தருகிறது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கோல்ட்வாட்டர் அந்தப் போரை வலுவாக ஆதரித்தவர். அதை இன்னும் கடுமையாக நடத்த வேண்டும் என்று வாதாடியவர். ஒரு போரை ஆதரித்துப் பேசிவிட்டு, அந்தப் போருக்குப் போன பிள்ளைகள் தாயோடு பேச வழிசெய்து கொடுப்பதைச் சமூகத் தொண்டு என்று நாம் அழைக்கலாமா? அந்தப் போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். வியட்நாமியர்கள் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். அவர்களில் எவருக்கும் வீட்டோடு பேச மூன்று நிமிடம் கிடைத்ததில்லை. மேலும், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த செனட்டர்களில் அவரும் ஒருவர். ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது வானொலி மேசையை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுவது நேர்மையாகாது என்பது என் எண்ணம்.

திருச்சி சேந்தன் எழுதியது:

இளவழகன், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இந்தச் செய்திகளை நான் முதற்பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் குறை.

1964 ஆம் ஆண்டு வாக்கைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. மத்திய அரசின் அதிகார வரம்பைக் காரணமாகச் சொல்லி அவர் எதிர்த்தார். காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வாக்கின் பயன் இனப் பாகுபாட்டை விரும்பியவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் தம் சொந்த மாநிலத்தைத் தவிர அவர் வென்ற ஐந்து மாநிலங்களும் தென்கோடி மாநிலங்களே. அதே மனிதர் அரிசோனா வான்படைக் காவற்பிரிவை உருவாக்கியபோது, அமெரிக்கப் படைகள் முழுவதிலும் இனப் பிரிவினையை நீக்கும் ஆணை வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, அங்கே கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒன்றாகச் சேர்த்தார். 1957 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தை ஆதரித்தும் வாக்களித்திருக்கிறார். இவற்றில் ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அழித்துவிட முடியாது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொண்டு என்று அழைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், ஆம் என்பதே. அந்த நிலையத்தின் வழியாகப் பேசியவர்களில் பலர் கட்டாய ஆள்சேர்ப்பில் இழுத்துச் செல்லப்பட்ட பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். போரை முடிவுசெய்தவர்கள் அவர்கள் அல்லர். அந்த வரிசையில் போரை ஆதரித்தவனும் நின்றான், வெறுத்தவனும் நின்றான். மேசைக்கு முன்னால் அமர்ந்தவர் எவரிடமும் அதைக் கேட்கவில்லை. வீட்டு எண் என்ன என்றுதான் கேட்டார். வியட்நாமியத் தாய்மார்களுக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மை, மிகவும் வருந்தத்தக்க உண்மை. ஆனால் ஒருவனுக்குக் கிடைத்த ஆறுதலை அது பொய்யாக்குவதாக நான் நினைக்கவில்லை.

பாலைவனவாசி (பீனிக்ஸ்) எழுதியது:

பல ஆண்டுகளாக இந்த ஊரில் வசிக்கும் தமிழன் நான். எனக்கு ஹாம் உரிமம் இல்லை. ஆனாலும் இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் வியட்நாமில் பணிபுரிந்த ஒரு முதியவர் இருந்தார். என் மகன் பள்ளியில் ஒரு கட்டுரைக்காக அவரிடம் கேள்வி கேட்கப் போனபோது நானும் உடன் சென்றேன். சண்டையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. டாநாங்கிலிருந்து வானொலி வழியாக வீட்டுக்குப் பேசிய ஒரே ஓர் அழைப்பைப் பற்றி மட்டும் நெடுநேரம் பேசினார். அங்கே காலை, வீட்டில் முந்தைய நாளின் மாலை. அவருடைய தாய் குரலைக் கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார். அழுகைக்கு நடுவே 'ஓவர்' சொல்ல மறந்துவிட்டார். இந்தப் பக்கம் மகன் ஒன்றும் பேச முடியாமல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அப்போது நடுவில் இருந்த இயக்குபவர், மிகத் தாழ்ந்த குரலில், "அம்மா, உங்கள் மகன் இப்போது பேசுவார்" என்று சொல்லிவிட்டு ஆளியை மாற்றினாராம். மூன்று நிமிடம் முடிந்த பிறகும் உடனே துண்டிக்கவில்லையாம். எந்த ஊர் நிலையம், யார் அந்த மனிதர் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அது கோல்ட்வாட்டரின் நிலையமாக இருந்திருக்கலாம், வேறொன்றாகவும் இருந்திருக்கலாம். அமெரிக்கா முழுவதும் இப்படிப் பல வீடுகள் இரவெல்லாம் விழித்திருந்தன.

சேந்தன் அவர்கள் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். கோல்ட்வாட்டருக்குக் கையால் கருவி கட்டுவதில் பெரும் விருப்பம் இருந்தது. ஹீத்கிட் நிறுவனம் உதிரிகளாக அனுப்பும் பெட்டிகளை வாங்கி, தாமே சூட்டுக்கோலைப் பிடித்துப் பற்றவைத்து முடிப்பார். 1998 மே 29 அன்று இறந்த அவர், முதுமையிலும் இந்தப் பொழுதுபோக்கை இளைஞர்களிடம் எடுத்துச்சொல்லும் படங்களில் தோன்றிக்கொண்டே இருந்தார். 1994 இல், 85 வயதில், ஹாம் செயற்கைக்கோள் ஒன்றைப் பற்றி விளக்கியது அவற்றில் கடைசி. கே7யூஜிஏ என்ற அவருடைய குறியை இன்று அரிசோனா ஹாம் சங்கம் ஒன்று அவர் நினைவாகப் பயன்படுத்துகிறது.

நிலவன் (கல்லூரி மாணவர், மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் ஐயம். நாடுவிட்டு நாடு மூன்றாம் நபருக்கான செய்தியை ஹாம்கள் கொண்டுசெல்லக் கூடாது என்று பாடத்தில் படித்தேன். அப்படியிருக்க, வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்கு இது எப்படி அனுமதிக்கப்பட்டது? நம் நாட்டில் நாமும் இப்படித் தொலைபேசியோடு இணைக்கலாமா?

சென்னை மூத்த ஹாம் எழுதியது:

நிலவன் தம்பி, நன்றாகக் கேட்டீர்கள். முதலில் பெயர்க்குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன்: சென்னை ஹாம்களுக்கு மார்ஸ் என்றால் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி. இந்த இழையில் பேசப்படும் மார்ஸ் வேறு.

நீங்கள் படித்தது சரி. இரு நாடுகளுக்கிடையே தனி உடன்பாடு இல்லாமல் மூன்றாம் நபர் செய்தியை ஹாம் அலைவரிசையில் கொண்டுபோக முடியாது. ஆனால் மார்ஸ் நிலையங்கள் ஹாம் அலைவரிசைகளில் பேசவில்லை. அவற்றை ஒட்டியிருந்த படைத்துறை அலைவரிசைகளில் பேசின. ஆட்கள் ஹாம்கள், கருவியும் ஹாம்களுடையது, அலைவரிசையும் அழைப்புக்குறியும் படையினுடையவை. கே7யூஜிஏ என்ற அதே மனிதர் அந்தப் பணியின்போது ஏஎஃப்ஏ7யூஜிஏ ஆனது இதனால்தான். நம் நாட்டில் ஹாம் கருவியைத் தொலைபேசியோடு இணைத்துச் சாதாரண உரையாடலைக் கொண்டுசெல்ல இடமில்லை. பேரிடர்க் காலம் வேறு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அவர்களின் தலைமையில் அந்தமானுக்குச் சென்ற ஹாம் குழு, உலக ஹாம்களோடு தொடர்புகொள்ளவே வியூ4ஆர்பிஐ, வியூ4என்ஆர்ஓ என்ற குறிகளோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. 26 ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியதும், அதே கருவிகள் தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே உயிரோடு இருப்பவர்களின் செய்தியைச் சுமந்தன. அன்றைக்கு அங்கே ஹாம்கள் செய்ததும் பீனிக்ஸ் வீட்டில் நடந்ததும் ஒரே வேலைதான்: இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னதை அவருடைய வீட்டாரிடம் சேர்ப்பது.

கோல்ட்வாட்டரின் பணியில் சட்டம் இயற்றிய பகுதியை எவரும் தொடவில்லை. என் பார்வையில் அதுவே நீண்டகாலம் நிற்பது. வெளிநாட்டு ஹாம் ஒருவர் அமெரிக்க மண்ணில் நின்று பேசுவதற்கு, இரு நாடுகளும் உடன்பட்டால் இடமளிக்கும் சட்டம் 1964 இல் வந்தது; அதை முன்வைத்தவர் கோல்ட்வாட்டர், கையெழுத்திட்டவர் அதே ஆண்டு தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஜான்சன். பிறகு 1982 ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புத் திருத்தச் சட்டம். அதற்கு முன்பு உரிமத் தேர்வை அரசு அதிகாரிகள்தாம் நடத்தினார்கள்; தேர்வு நடக்கும் நகரத்துக்கு நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு தகுதிபெற்ற ஹாம்களே தன்னார்வமாகத் தேர்வு நடத்தலாம் என்று ஆனது. பள்ளிக்கூட அறையிலும் தேவாலயக் கூடத்திலும் சனிக்கிழமை காலையில் தேர்வு எழுதலாம் என்ற நிலை வந்தது. உரிமத்தின் காலமும் ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக நீண்டது. நான் என் தேர்வுக்காக ஊரிலிருந்து இரவு முழுவதும் பேருந்தில் நின்றுகொண்டே சென்னைக்கு வந்தவன். இந்த ஒரு மாற்றத்தின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும்.

இளவழகன் எழுதியது:

மூத்தவர்கள் எழுதியதையும் பாலைவனவாசி அவர்கள் எழுதியதையும் படித்தேன். போரைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஒரு செனட்டரின் கையில் போரை நிறுத்தவோ குறைக்கவோ சிறிதளவேனும் அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த மேசையில் முறைவைத்து அமர்ந்த ஹாம்கள் செனட்டர்கள் அல்லர். பகலில் தம் வேலைக்குப் போய்விட்டு, இரவில் வந்து, பெயர்கூடத் தெரியாத பிள்ளைகளுக்காக ஆளியை மாற்றிக்கொண்டிருந்தவர்கள். இந்த இழை அவர்களைப் பற்றியது என்றால், என் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முன்னாள் சிக்னல்ஸ் ஹவில்தார் (வேலூர் மாவட்டம்) எழுதியது:

இளவழகன் தம்பி, நீங்கள் மறுத்ததும் நல்லதே. படையில் இருந்தவன் என்பதால், போரை எவரும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே நானும் சொல்வேன்.

கயல்விழி அம்மா தந்த விளக்கத்துக்கு நன்றி. ஆளியை மாற்றுபவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாகாலாந்தில் ஒரு நாள் எங்கள் முகாமில் இருந்த ஒரு ஜவானின் தந்தை காலமான செய்தி என் காது வழியாகத்தான் வந்தது. எழுதி முடித்து அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு இடைப்பட்ட அரைமணி நேரம் அந்தப் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, அடுத்த மாதம் விடுப்பில் போய் அப்பாவுக்குக் கண் அறுவை செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தான். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பீனிக்ஸ் வீட்டில் அமர்ந்தவர்களுக்கும் இப்படி எத்தனை இரவுகள் இருந்திருக்கும். மணமுறிவைக் கேட்டிருப்பார்கள், மரணத்தைக் கேட்டிருப்பார்கள், கேட்டதை எவரிடமும் சொல்லாமல் அடுத்த அழைப்புக்கு எண் கேட்டிருப்பார்கள்.

நிலவன் தம்பிக்கு ஒரு செய்தி. மோர்ஸ் பழக வேண்டுமானால் எழுதுங்கள். ஞாயிறு காலைகளில் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி என் பேத்தி. பன்னிரண்டு நாள் கழித்து எனக்குச் செய்தி வந்த அந்தக் குழந்தையின் மகள். இப்போது நிமிடத்துக்கு எட்டுச் சொல் பிழையில்லாமல் வாங்குகிறாள். தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதைச் சென்னை மூத்தவர் இந்த இழையிலேயே தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

அனைவருக்கும் 73 (ஹாம்கள் வழக்கில் நல்வாழ்த்துகள்).